காணை மல்லாட்டைக்கு வந்த பதில்

ஆடி இரண்டாம் செவ்வாய், காலை 9.20. விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து திண்டிவனம் வண்டி கிளம்பியது. தூரம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் முப்பது ரூபாய். ஜன்னலோரம் ஒருவர் பட்டன் போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தார். பெயர் ஏழுமலை, காணையில் விவசாயம். மோட்டாருக்கு பெல்ட் வாங்கப் போகிறார்.

யாரோடு பேச்சு என்று கேட்டேன்.

“யாரும் இல்லீங்க. இது கேள்வி கேக்கிற லைனு.”

இணையத்திலுள்ள விவசாயக் கேள்வி பதில்களைக் குரலாகச் சொல்லும் எண் அது. மிஸ்டு கால் கொடுத்தால் அதுவே திரும்ப அழைக்கும். நம் கேள்வியையும் பேசிப் பதியலாம். பதில் தயாரானதும் கேட்டவர் போனுக்கும் அழைப்பு வரும். கரும்புக்கு அடித்து மீந்த களைக்கொல்லியை மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, அடிக்கலாமா என்று நேற்று பதிந்திருக்கிறார். பதிந்த போன் இப்போது தம்பி முருகனிடம், கையிலிருப்பது மனைவியுடையது.

“தம்பி டேங்க ரொப்பி வெச்சிட்டான். பத்து மணிக்கு அடிச்சே தீருவேன், மழ வந்துட்டா அவ்ளோதான்னு ஒரே பேஜாரு.”

9.45. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி வரிசையில் நின்றது. ஏழுமலை ஸ்பீக்கரைப் போட்டார். போனில் பனமலைக்காரர் ஒருவர் தன் மாடு ரெண்டு நாளாய் அசை போடவில்லை என்றார்.

“டாக்டர இட்டாராம போனுக்குக் கதை சொல்லிக்கினு கீறான் பாரு!” என்றார் பின்சீட்டு அம்மாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. அடுத்து கேப்பையில் குலைநோய். அதற்கடுத்து அவர் குரலே ஒலித்தது. பிறகு ஒரு பெண்ணின் நிதானமான பதில். அந்த மருந்து கரும்பு மாதிரிப் புல்வகைப் பயிரை விட்டுவிடும், மல்லாட்டையைக் களையோடு சேர்த்துக் கருக்கிவிடும், அடிக்கவே வேண்டாம்.

தம்பியை அழைத்தார். பிஸி. மறுபடியும் பிஸி.

“எவங்கூட பேசிக்கினு கீறான் இவன்?”

“வேற யாருக்காச்சும் போடுப்பா,” என்றார் அந்த அம்மாள்.

“கொல்லப்பக்கம், பயிருகிட்ட, ஒரு ஆளு இல்லம்மா.”

கூட்டேரிப்பட்டு தாண்டியபோது ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை. மணி பத்தைக் கடந்திருந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. என் வீட்டில் இப்படியொரு சந்தேகம் வந்தால் திரையைப் பார்ப்போம், மறந்தும்விடுவோம். ஒரு பதிலுக்காக மனிதர் வியர்த்து நான் பார்த்ததில்லை.

திண்டிவனத்தில் இறங்கும்போது முருகனே அழைத்தான். ஸ்பீக்கர் அணைக்கப்படாமலே இருந்தது.

“இன்னாடா, அடிச்சிட்டியா?”

“சீக்கிரமே ஆரம்பிச்சிட்டேண்ணே. ஒரு டேங்க் அடிச்சாச்சு. ரெண்டாவத மாட்டும்போது போன் வந்துச்சு. மிஷின் கொரலுன்னு கட் பண்ணப் போனேன். பாத்தா நீ பேசற. முழுசா கேட்டேன். அப்பலேர்ந்து செடி மேல தண்ணி ஊத்திக்கினு கீறேன், அதான் எடுக்கல.”

“எந்தப் பக்கம் அடிச்ச?”

“கெணத்து மேடு. நல்லா காய் புடிக்கிற எடம்தான்.”

ஏழுமலை திட்டவில்லை. பெல்ட் கடைக்கும் போகவில்லை. எதிரே கிளம்பத் தயாராயிருந்த விழுப்புரம் வண்டியை நோக்கி நடந்தபடியே மிஸ்டு கால் கொடுத்தார். படியில் ஒரு கால் வைத்தபோது போன் அடித்தது. கேள்வி பதியும் எண்ணை அழுத்தி, போனை வாயோடு சேர்த்துத் துண்டால் மூடிக்கொண்டார்.

“எம்பேரு ஏழுமலை, ஊரு காணை. தப்பா மருந்து பட்ட மல்லாட்டைய எப்படிக் காப்பாத்தறதுங்க?”

கண்டக்டர் விசிலை உதட்டில் வைத்தவர், ஊதாமல் நின்றார்.