காரை முள்ளில் சிக்கிய கொடி

என் கை சும்மா இருக்காது. பட்டுத் தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்தது ஏறும்போது, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பது என் தொழில். ஆயிரக்கணக்கான இழைகள். எங்கே சிக்கலைக் கண்டாலும், அது அடுத்த வீட்டு சார்ஜர் ஒயராக இருந்தாலும், பிரித்துவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. ஆரணியில் இந்தக் கைக்காகவே கூப்பிட்டு அனுப்புவார்கள். படவேட்டில் இதே கை என் மானத்தை வாங்கியது.

கோயிலுக்குப் போய்விட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அங்கே பஸ் எப்போது வரும் என்று அம்மனுக்கே தெரியாது. உட்கார முடியாமல் சாலையோரப் பாறைக் குன்றில் ஏறினேன். காரை முள் புதருக்குள் மெல்லிய கொடி ஒன்று. அதில் சுண்டுவிரல் நீளத்தில், சிம்னி விளக்கு மாதிரி, பச்சையும் ஊதாவுமாகப் பூக்கள். போனில் படமெடுத்தேன். ஊர் திரும்பிக் காட்டியதும், பக்கத்து வீட்டுப் பெண் அதைத் தன் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் மேடத்துக்கு அனுப்பினாள்.

மறுநாளே மேடம் என்னைப் போனில் கூப்பிட்டார். அரிதிலும் அரிதான பூவாம். அழிந்துகொண்டிருக்கிறதா, பிழைத்துக்கொள்ளுமா என்று சொல்ல யாருமில்லை. அழியும் நிலையில் உள்ள செடிகளின் பட்டியலில் அதன் பெயருக்கு நேரே ‘போதிய தகவல் இல்லை’ என்றுதான் இருக்கிறதாம். பதினைந்து நாளில் நேரில் வந்து, காய் பிடித்திருப்பதையும் பதிவு செய்தால் அதைக் காப்பாற்ற ஒரு வழி பிறக்கும் என்றார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த வாரமே போய் நின்றேன். கொடி முள்ளில் தாறுமாறாகச் சுற்றிக்கொண்டு கிடந்தது. மேடம் வந்தால் இதில் எதைப் பார்ப்பார், எதை எண்ணுவார்? ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஓர் இலைகூட உதிராமல் பிரித்து வெளியே இழுத்தேன். ஒரு குச்சியை நட்டு, பையிலிருந்த சிவப்புப் பட்டு நூலால் கொடியைக் கட்டிவிட்டேன். அத்தனை அழகாக இருந்தது. என் வேலையில் எனக்கே பெருமை.

மேடம் வந்த நாளில் குச்சி மட்டும் நின்றது. சுற்றிலும் ஆட்டுப் புழுக்கை. மேடத்தின் முகம் வாடிப்போனது. மேய்ச்சலால் அழிந்தது என்று எழுதிக்கொண்டார். குன்றில் ஆடு ஏறக் கூடாது என்று வனத்துறைக்கு மனு கொடுக்கப்போவதாகவும் சொன்னார். அந்தக் குன்றை விட்டால் மேய்க்க வேறு இடமில்லாத அம்மா ஒருவர் நாலு ஆடுகளோடு பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“முள்ளுக்குள்ள இருக்கறத ஆடு எப்டிங்க துன்னும்?” என்று மட்டும் கேட்டார்.

மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். பதில் என்னிடம் இருந்தது. குச்சியில் தொங்கிய நூலை அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. இழையை மாற்றி மாற்றிப் பிணைத்து தறிக்காரரிடம் திட்டு வாங்கினேன். அழித்தது நான், பழி நாலு ஆட்டின் மேல். வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை மேடத்தைக் கூப்பிட்டு, மனு கொடுக்க வேண்டாம், முள்ளுக்குள் இருந்ததை வெளியே இழுத்து ஆட்டின் வாய்க்குக் கொடுத்தவள் நான்தான் என்றேன். மேய்ச்சல் என்று எழுதியதை அடித்துவிடுவதாகவும் மனு கொடுக்கவில்லை என்றும் சொன்னார். மண்ணுக்குள் கிழங்கு இருந்தால் மழைக்குத் துளிர்க்கலாம், அதுவரை பட்டியலில் எழுத ஒன்றுமில்லை என்றார்.

மழை பிடித்ததும் படவேட்டுக்கு ஓடினேன். ஆட்டுக்கார அம்மாவிடம் முதலில் உண்மையைச் சொன்னேன். தெரியும் என்றார், நான் நூலை அவிழ்த்ததை அன்றே பார்த்திருக்கிறார். புதருக்கு அழைத்துப் போய்க் காட்டினார். உள்ளே ஊசி போல ஒரு துளிர், முதல் முள்ளைப் பிடித்துக் கோணல்மாணலாக ஏறிக்கொண்டிருந்தது. நான் குனிந்தேன்.

“கைய கட்டிக்கினு பாரும்மா,” என்றார்.

கட்டிக்கொண்டேன். விரல்கள் அக்குளுக்குள் துடித்துக்கொண்டே இருந்தன.