அவன் ஜீப்பில் மட்டும் இருந்த ரப்பர் கட்டைகள்

என் ஜீப்பை உயர்த்தி, நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டிக் கொடுத்தவன் பூந்தமல்லியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பள்ளித் தோழன். வண்டி மெத்தை மாதிரி ஓடியது.

குமணன்சாவடிப் பள்ளம் ஒன்றில் இறங்கியபோது ‘டமார்’ என்று ஷாக் உடைந்து, வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒதுங்கியது. குனிந்து பார்த்தால், அச்சு மேலேறி இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டைகளையே காணோம்.

வண்டியை அவன் ஒர்க்‌ஷாப்புக்கே இழுத்துப்போய்க் கேட்டேன்.

“நீதான மச்சான் பள்ளத்துல வண்டி தூக்கிப் போடக்கூடாதுன்ன, அதான் கட்டைய கழட்டிட்டேன். என் வண்டியும் அப்டித்தான் ஓடிக்கினு கீது.”

அவன் ஜீப் வாசலில்தான் நின்றது. குனிந்தேன். நான்கு கட்டையும் இருந்தன.

இப்போதெல்லாம் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, ஷாக் முழுசாக அமுங்கும் முன் கட்டை முட்டுகிறதா என்று நானே பார்த்த பிறகுதான் சாவியை வாங்குகிறேன். மாட்டியவன் நண்பன் என்றால் இரண்டு முறை பார்க்கிறேன்.