ஒரு வாய் தின்று காட்டு

என் வாய்தான் எனக்கு எதிரி. ஊரில் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்தவன் நான். எங்கள் சந்தியில் வாளோடு திரிந்த கூட்டத்தின் தலைவனையும் விடவில்லை. அவன் கழுத்தில் தொங்கிய தடித்த சங்கிலியைப் பார்த்து, எந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வாறீங்க அண்ணே என்று கேட்டேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பிடரியில் பிடித்து, வாவிக்கரையில் மீன் விற்கும் இடத்துக்குக் கொண்டுபோனான். குவியலில் கையளவு திரளி மீன் ஒன்றை எடுத்து, செதிலோடும் குடலோடும் பச்சையாகத் தின்னவைத்தான். மீன் வாங்க வந்த சனம் முழுக்கப் பார்த்தது. வால் வரைக்கும் தின்றேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பச்சைமீன். ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அடுத்த வருடம் ஒரு கடைக்காரரின் கையை வெட்டிய வழக்கில் அவனை மறியல் சிறையில் போட்டார்கள். கூடத் திரிந்தவர்களில் ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவனுடைய தாய், நான் மாமி என்று கூப்பிடுகிறவ, எங்கள் வேலிக்கு அடுத்த வீடு. முழங்கால் வருத்தம், பஸ் ஏற முடியாது. செவ்வாய்க்கிழமைகளில் மகனுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோவாயா என்று என்னிடம் கேட்டா. அவவிடம் மீன் கதையைச் சொல்ல ஊரில் எவருக்கும் தைரியம் இருக்கவில்லை. நான் உடனே ஓம் என்றேன். அவனைக் கம்பிக்குப் பின்னால் பார்த்தால் போதும் என்பதுதான் முதலில் என் ஆசை.

மறியலில் ஒரு சட்டம் இருந்தது. சாப்பாடு கொண்டுபோகிறவர் காவலாளிக்கு முன்னால் எல்லாக் கறியிலும் ஒரு வாய் தின்று காட்ட வேண்டும். நஞ்சு கிஞ்சு கலக்கவில்லை என்பதற்கு. கம்பி வலைக்கு அந்தப்பக்கம் அவன், இந்தப்பக்கம் நான். ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டேன். அவன் கண் என் வாயிலேயே நின்றது. அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது.

அடுத்த கிழமை மூன்று இறால் தின்றேன். அதற்கடுத்த கிழமை பொரித்த மீனில் பாதி. ஆறுதலாக மென்றுகொண்டே, இண்டைக்கு மாமி உப்பைக் கொஞ்சம் கூட்டிப்போட்டா என்று அவனுக்கு விளக்கமும் கொடுத்தேன். காவலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறுபக்கம் பார்ப்பார். ஒருநாள் அவன் பல்லைக் கடித்தபடி, வெளியே வந்ததும் என்னை என்னவெல்லாம் செய்வான் என்று சொன்னான்.

"செய்யுங்க அண்ணே. அடுத்த கிழமை சோறு ஆர் கொண்டாறது?"



தீர்ப்புக்கு முதல்நாளும் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. தண்டனை விழுந்தால் வீட்டுச் சாப்பாடு உள்ளே போகாது. அது தெரிந்துதான் மாமி பெரிய திரளி ஒன்றைப் பொரித்துக் கட்டித் தந்தா. பார்சலை விரித்ததும் நான் மீனில்தான் கைவைத்தேன். அவன் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டான். பக்கத்தில் நின்ற சனமெல்லாம் கேட்கத்தக்கதாகவே சொன்னான்.

"அண்டைக்கு நான் செஞ்சது பிழைதான்டா. இந்த மீனை மட்டும் உட்டுடு."

அதைக் கேட்கத்தான் நான் அத்தனை செவ்வாயும் பஸ் ஏறினேன்.

"பச்சையா இருந்தா உட்டிருப்பன் அண்ணே. மாமி பொரிச்சுப்போட்டாவே."

வால் வரைக்கும் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமி வேலியில் நின்றா.

"மீன் திண்டானா மனே?"

"முள்ளு மட்டுந்தான் மாமி மிச்சம்."

அவனுக்கு ஆறு வருடம் விழுந்தது. அடுத்த செவ்வாய் மத்தியானம் மாமி வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டா. பலகையில் இருத்தி, சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தா. சோறு, இறால், பொரித்த திரளி.

"எல்லாம் ஆக்கி மறுகாத்தான் நினைவு வந்திச்சு, இனி அவனுக்குக் குடுக்க ஏலாதெண்டு. நீ தின்னு மனே."

முள்ளெடுத்துத் தந்துகொண்டே எதிரில் இருந்தா. அவவின் கண்ணும் என் வாயிலேயே நின்றது. நான் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

ஊர் என்னை இன்னும் பச்சைமீன் என்றுதான் கூப்பிடுகிறது. அவன் வர இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் நான் எங்கள் வீட்டில் மத்தியானச் சோறு தின்பதில்லை.