மோட்டருக்குக் கை நோகாது

போன ஞாயிற்றுக்கிழமை சாட்டிக் கடற்கரையில் குடித்த தேநீரில் உப்பு இருந்தது.

சீனி டப்பா மாறிப் போட்ட உப்பு அல்ல. சீனியும் இருந்தது. அதற்குக் கீழே மெல்லிதாக ஒரு கரிப்பும் இருந்தது. உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே... முதலில் எனக்கு என்ன தோன்றியிருக்கும்? பிரஷர்! இந்த ஒரு கோப்பையால் எவ்வளவு ஏறும், ஏறினால் இங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மனம் ஓடத் தொடங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ, தேத்தண்ணி உப்புக் கரிக்கேல்லையோ?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"கடற்காத்துக் குடிச்சா வாய் கரிக்கும்தானே. உமக்குப் பயப்பிட ஒண்டும் கிடைக்காட்டி நித்திரை வராது" என்றார்.

ஆனால் அவரும் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். அதை நான் பார்த்தேன்.

நகரத்தில் இருந்து பண்ணைப் பாலத்தால் போனால் சாட்டி ஒன்றும் தூரம் இல்லை. ஞாயிறு பின்னேரம் வான் வண்டியிலும் ஓட்டோவிலும் வந்து பாதி யாழ்ப்பாணமே இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். எல்லோரும் குளிப்பார்கள். நான் கரையில் நின்று தலைகளை எண்ணுவேன். எங்கள் ஆட்களின் தலைகளை மட்டும் அல்ல — முன்பின் தெரியாதவர்களின் தலைகளையும். எனக்கு அதுதான் பொழுதுபோக்கு.

கடலில் குளித்துவிட்டு ஏறினால் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். நல்ல தண்ணீர் தேடுவோம். குளிப்பதற்கென்று கட்டிய இடத்தில் வரிசை நீளமாக இருக்கும். அப்போது பலரும் போவது திரேசக்கா வீட்டுக்கு. (பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.) கணவரைக் கடலுக்குக் கொடுத்தவர். கரையோடு ஒட்டிய சின்ன வீடு, முற்றத்தில் ஒரு கிணறு, வாசல் படலைக்கு வெளியே பூவரச மரத்தின் கீழ் தேநீர்க் கடை. அதுதான் அவருடைய சீவியம்.

அந்தக் கிணற்றில் ஒரு சட்டம் இருந்தது. ஆளுக்கு மூன்று வாளி. நான்காவது வாளிக்குக் கை நீண்டால், "காணும், காணும்! கல்யாண வீட்டுக்கே போறியள்?" என்று குரல் வரும்.

போன வருடம் கனடாவில் இருந்து அண்ணா குடும்பத்தோடு வந்தார். இங்கேதான் குளித்தோம். பிள்ளைகளுக்குத் திரேசக்கா தானே அள்ளி ஊற்றினார். அவருடைய உள்ளங்கையில் கயிறு பதிந்து காய்த்துப்போயிருந்ததை அண்ணா பார்த்துவிட்டார். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த நாளே என் கையில் காசைத் தந்தார். "அந்த மனுசிக்கு ஒரு மோட்டர் வாங்கிப் பூட்டிக் குடு."

நான்தான் கடைக்குப் போனேன். கரண்ட் அடிக்காதா என்று கேட்டேன். ஈரக் கையோடு சுவிட்ச் போட்டால் என்ன நடக்கும் என்று கேட்டேன். உத்தரவாதம் எத்தனை வருடம் என்று மூன்று தடவை கேட்டேன். கடைக்காரர் கடைசியில், "அக்கா, நீங்கள் மோட்டர் வாங்க வந்தனீங்களோ, வழக்குப் போட வந்தனீங்களோ?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் கேட்ட நான், கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, உப்புத் தேநீருக்கு வருகிறேன். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது திரேசக்கா அதற்குள் பார்த்தார். பாதி அப்படியே இருந்தது.

"உப்புத்தான் பிள்ளை" என்றார், நான் கேட்கும் முன்பே. "பவுசர் லொறியில நல்ல தண்ணி கிழமைக்கு ஒருக்காத்தான் வருது. குடிக்க வைக்கிறதா, கடைக்கு எடுக்கிறதா? பாதிக்குப் பாதி கலந்துதான் ஊத்திறன். கனபேர் வச்சிட்டுப் போகினம். போன கிழமை ஒரு பெடியன் என்ரை முகத்துக்கு நேர துப்பினவன்."

"கிணத்துக்கு என்னக்கா நடந்தது?"

"இஞ்ச மழைத்தண்ணி மேலதான் நிக்கும். அதுக்குக் கீழ கடல். வாளியால அள்ளினா மேலால அள்ளலாம். மோட்டர் கீழ கிடக்கிற உப்பையும் இழுத்துப்போடும்."

"தெரிஞ்சுகொண்டே ஏனக்கா போட்டனீங்கள்?"

அவர் சிரித்தார். அது சிரிப்பு மாதிரித்தான் இருந்தது.

"எனக்கு எண்டா நான் போடேல்லை. வாறவை, 'மோட்டர் இருக்குத்தானே, ஒருக்காப் போடுங்கோவன் அக்கா' எண்டு நிக்கினம். இருக்கிறதை இல்லை எண்டு சொல்லுறதே? வாளி எண்டா அள்ளுறவனுக்குக் கை நோகும். தானா நிப்பாட்டுவான். மோட்டருக்குக் கை நோகாது, பிள்ளை."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இது இருந்திருக்குமோ என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன் — அண்ணா எஞ்சினியர். அவருக்கும் தெரியவில்லையே! அந்த ஆறுதல் ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை.

ஏனென்றால் அப்போதுதான் போன் அடித்தது. அண்ணா. வீடியோ கோல். அங்கே விடிகாலை. நாங்கள் சாட்டிக்குப் போவதாகக் காலையில் நானே தகவல் போட்டிருந்தேன்.

"திரேசக்கா வீட்டையோ நிக்கிறாய்? எங்க, மோட்டரை ஒருக்காக் காட்டு பாப்பம்!"

நான் வாயைத் திறக்கும் முன் திரேசக்கா எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டார்.

குழாயில் தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. போனில் உப்புத் தெரியாதுதானே?

"தண்ணி நல்லா வருதோ அக்கா?"

"ஓம் தம்பி. நல்லா வருது. கர்த்தர் உங்களுக்குக் குறை வைக்கமாட்டார்."

அண்ணாவின் முகம் மலர்ந்தது. குளிர் உடுப்போடு, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் புறப்பட்ட கோலத்தில், சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மோட்டர் ஓடுகிறது. ஒவ்வொரு நொடியும் கீழே இருந்து கடல் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. நிப்பாட்டுங்கோ என்று கத்தவேண்டும் போல இருந்தது... கத்தவில்லை.

அண்ணா என்னிடம் சொன்னார்: "பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒவ்வொண்டு குடுப்பம். அஞ்சு வீடு இருக்குமே? நீ இந்தக் கிழமை விலை கேட்டுச் சொல்லு."

கோல் முடிந்ததும் திரேசக்கா ஓடிப்போய் மோட்டரை நிறுத்தினார். பிறகு வந்து என் கையைப் பிடித்தார். "சொல்லிப்போடாதையும் பிள்ளை. மனுசன் ஆசையாத் தந்தது. கேட்டா நொந்துபோவார்."

"சொல்லமாட்டன் அக்கா" என்றேன்.

"கிணத்துத் தண்ணி திரும்ப நல்லதா வராதோ?" என்று கேட்டேன்.

"தொடாம விட்டு, ரெண்டு மூண்டு மாரி நல்லாப் பெய்தா வரலாம். அது வரைக்கும் என்னாலை இஞ்ச இருக்க ஏலுமோ தெரியாது. கரம்பனில இருக்கிற தங்கச்சி வரச்சொல்லுறாள். அங்க போய்ச் சமைக்கிற குசினிக்குள்ள ஒரு மூலையில இருக்கலாம். கடை போட ஏலாது."

திரும்பும் வழியில் வீட்டுக்காரர் பகிடி, கிண்டல் ஒன்றும் விடவில்லை. நானும் எதிரே வந்த வாகனங்களுக்குப் பயப்படவில்லை. வாழ்நாள் முழுக்கக் கெட்டதற்குப் பயந்து பழகியவள் நான். கடல் இழுக்கும், பிரேக் பிடிக்காது, கரண்ட் அடிக்கும்... நல்ல மனதோடு கொடுக்கும் ஒன்றைப் பார்த்தும் கொஞ்சம் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பயப்பட வேண்டிய ஒரே இடத்தில் மட்டும் சந்தோசப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். காப்பாற்றினால் ஒரு நல்ல மனிதர் நோகாமல் இருப்பார். இன்னும் ஐந்து கிணறுகள் உப்பாகும். அவர்களும் சிரித்துக்கொண்டே சுவிட்ச் போட்டுக் காட்டுவார்கள். இந்த வாரம் முழுக்க எனக்கு நித்திரை இல்லை.

போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியை அண்ணா ஒரு தடவையும் தவறவிடுவதில்லை. பெயரை மாற்றினாலும் அவருக்கு ஆள் விளங்கும். திரேசக்காவிடம் நான் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணா, நான் விலை கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.