வானத்தைப் பார்த்து ஊதும் வாத்தியம்

யூபோனியத்தைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். பித்தளைக் குழாய் சுருண்டு சுருண்டு போய், கடைசியில் அகலமாக விரிந்து, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். டிரம்பெட்டுக்கு வாய் முன்பக்கம். அது ஒரு ஊது ஊதினால் தெருவே திரும்பும். என் யூபோனியம் டிரம்பெட்டுக்குக் கீழே, பெரிய பேஸ் குழலுக்கு மேலே, நடுவில் குழைந்து போகும். எதிரே நிற்பவனுக்கு ஒரு மண்ணும் கேட்காது. செல்லூரில் தறி ஓட்டிக்கொண்டு, முகூர்த்த நாட்களில் பேண்ட் செட்டில் இதைத்தான் ஏழு வருஷமாக ஊதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் செட்டில் ஒரு டம்மியும் உண்டு. பத்துப் பேர் என்று பேசிவிட்டு ஆள் குறைந்தால், மாஸ்டர் யாருக்காவது சிவப்புக் கோட்டை மாட்டி, ஊதினாலும் சத்தம் வராத ஒரு பழைய கிளாரினெட்டைக் கையில் கொடுத்துவிடுவார். ஒரு மாப்பிள்ளை அழைப்பில் டீக்கடை அண்ணன்தான் டம்மி. மனுஷன் கண்ணை மூடி, தலையை ஆட்டி, விரலை ஓடவிட்டார் பாருங்கள், அடேயப்பா! எங்களில் ஒருவன்கூட அவர் பக்கத்தில் நிற்க முடியாது.

அந்த மாப்பிள்ளை அழைப்புக்கு வாடிப்பட்டியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் தாய்மாமா. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. அதற்குள் என் வாசிப்பைக் கேட்டுவிட வேண்டும் என்று புறப்பட்டு வந்துவிட்டார். எனக்கோ பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து தறியில் நூல் அறுந்தால்கூடத் தெரியவில்லை. மண்டப வாசலில் அரை மணி நேரம், கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க ஊதினேன். மாமா என் எதிரிலேயே நின்று பார்த்தார். முடிந்ததும் நேரே போய் டீக்கடை அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணே, என்னா விரலுண்ணே!"

"எல்லாம் பழக்கந்தாண்ணே" என்றார் அந்த ஆள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை கேசரி வந்தது. கூடவே மாமாவின் பேச்சும் வந்தது.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. பேண்டுல ஆள் கணக்குக்கு நிப்பாட்டுறது எனக்கும் தெரியும். உங்க முன்னாடியே நின்னேன், இம்புட்டுக்கூட சத்தம் வரல. வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? இதுலயே பொய்யின்னா பிள்ளைய எப்படி நம்பிக் குடுக்குறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "டம்மி நான் இல்லங்க, அந்தக் கிளாரினெட்டு!" என்று கத்திவிட்டேன்.

"அம்புட்டு நல்லா வாசிச்ச மனுஷனையா சொல்றீங்க?" மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்தாள். கிளம்பலாம் என்று அர்த்தம். ஏழு வருஷம் மூச்சைக் கொடுத்ததற்கு இதுதானா மரியாதை என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுப்படி வாசலிலிருந்து பெண் பேசினாள். "மாமா, நீங்க தெருவுல நின்னீங்க. கல்யாணப் பொண்ணு என் கூடப் படிச்சவ, நான் அவ கூட மண்டபத்து மாடில நின்னேன். இவரு வாத்தியத்தோட வாய் மேல பாத்துல்ல இருக்கு? எங்களுக்கு இவரு ஊதுனதுதான் கேட்டுச்சு, வேற எதுவும் கேக்கல."

"ஆளப் பிடிச்சுப்போச்சு, அதான் பரிஞ்சு பேசுற" என்றார் மாமா.

"பரிஞ்சு பேசுறவ குறை சொல்லுவேனா? ரெண்டாவது பாட்டுல இவரு ரெண்டு எடத்துல தப்பா ஊதுனாரு."

மாமா என் பக்கம் திரும்பினார். "நெசமா தம்பி?"

நிஜம்தான். விரலால் அழுத்தும் வால்வு சிக்கிக்கொண்டது. பக்கத்தில் நின்ற மாஸ்டருக்குக்கூட அது தெரியாது. ஏழு வருஷத்தில் எத்தனையோ தப்பு ஊதியிருக்கிறேன், ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட அதைக் காதில் வாங்கியதில்லை. வெட்கத்தில் காது சுட்டது. சந்தோஷத்தில் சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

"ரெண்டு இல்லைங்க," என்று அவளைப் பார்த்துச் சொன்னேன், "மூணு."