காற்று ஸ்க்ரூவில் ஒரு கால் சுற்று

எனக்கு எட்டு வயதானபோது, என்னால்தான் சித்தப்பா ஒரு பைக் பந்தயத்தில் தோற்றார் என்று எங்கள் குடும்பத்தில் வெகுகாலம் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். என்னைப் பற்றிக் கெட்டதாக எதைச் சொன்னாலும் நம்பிவிடும் சுபாவம் எனக்கு.

விருத்தாசலத்தில் அப்போது பீங்கான் மண்ணின் வெள்ளைத் தூசி எல்லாவற்றின்மீதும் கனவுபோலப் படிந்திருக்கும். சித்தப்பாவின் டூ-ஸ்ட்ரோக் பைக் மட்டும் கறுப்பாக மினுங்கும். கம்மாபுரம் ரோட்டில் அதை முந்திய வண்டி கிடையாது. ஆகவே, பீங்கான் பட்டறைக்கு மண் லாரி ஓட்டி வந்த கம்மாபுரத்துக்காரர் ஒருவர் அத்தையைப் பெண் கேட்டபோது, சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "மொதல்ல என் வண்டிய முந்திட்டு வாங்க. அப்புறம் பொண்ணு கேக்கலாம்."

அவரும் சரி என்றுவிட்டார். அத்தையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அத்தைக்கு அதே பட்டறையில் வேலை. சுட்டு வந்த கோப்பைகளை விரலால் சுண்டி, ஓசையிலேயே விரிசலைக் கண்டுபிடிப்பாள். மண் லாரி வரும் நாட்களில் மட்டும் விரிசல் கோப்பைகள் தப்பிவிடுவதாக ஒரு முணுமுணுப்பு உண்டு. அந்தக் காதை நம்பித்தான் சித்தப்பா எஞ்சினை ட்யூன் செய்வார்.

பந்தயத்தன்று விடியற்காலை. முதலில் என் வேலை. பிளாட்டினம் பாயின்ட்டின் இடுக்கில் சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைச் செருகி நான் லேசாக இழுத்துப் பிடிக்க, சித்தப்பா எஞ்சினைக் கையால் சுற்றுவார். தாள் நழுவும் கணம்தான் தீப்பொறி பிறக்கும் கணம். "வந்துடுச்சி!" என்று நான் கத்த வேண்டும். என் கத்தலுக்குக் காத்திருந்துதான் உலகமே புறப்படுகிறது என்று எனக்கொரு நினைப்பு.

பிறகு எஞ்சின் உறுமியது. நீலப் புகையில் தெருவே தண்ணீருக்கடியில் அசைவது போலிருந்தது. கார்புரேட்டருக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் காற்று ஸ்க்ரூவைச் சித்தப்பா திருக, அத்தை கண்ணை மூடிக் கேட்டாள். ஓரிடத்தில் எஞ்சின் அழகாகப் பாடியது.

"போதுமா?"

"இன்னும் ஒரு கால் சுத்து உள்ள திருப்புண்ணே."

"அடைக்கிற மாதிரி இருக்குதே?"

"ஓடறப்ப சரியாயிடும். என் காதையே சந்தேகப்படறியா?"

சித்தப்பா திருப்பினார்.

பந்தயத்தில், கிளம்பிய இடத்திலேயே வண்டி தொண்டை அடைத்துக் கரும்புகை கக்கியது. கம்மாபுரத்துக்காரர் வெள்ளைத் தூசிக்குள் மேகமாகக் கரைந்துபோனார்.

சித்தப்பா நேராக என்னிடம் வந்தார். "ஏ குட்டி, தாளு நழுவினப்புறம் லேட்டா கத்திட்டியா?"

அந்த நேரத்தில் நான் கொட்டாவி விட்டது நினைவுக்கு வந்தது. "ஆமா சித்தப்பா."

நங்கென்று ஒரு குட்டு.

சித்தப்பா கோபக்காரர், ஆனால் சொன்ன சொல் மாறாதவர். மாலைக்குள் கம்மாபுரத்துக்கு ஆள் போய்விட்டது.

அத்தை என்னை மடியில் போட்டுக்கொண்டு, வீங்கிய இடத்தில் எண்ணெய் தேய்த்தாள். "என்னாலதான உன்ன இந்த வூட்ட வுட்டு அனுப்பறாங்க அத்த?" என்று விசும்பினேன்.

"ஆமாண்டி, உன்னாலதான்" என்றவள், குனிந்து அந்த இடத்திலேயே முத்தமிட்டாள். இவ்வளவு பெரிய குற்றத்துக்கு யாராவது முத்தம் கொடுப்பார்களா என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.