மார்க்கண்டு வீட்டில் நின்ற வருடம்

பிட்டுமாவை உள்ளங்கையில் அள்ளி, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்துப் பார்ப்பார் மார்க்கண்டு. இருபத்திரண்டு வருடங்கள் புடவைக்கடையில் துணியின் பதம் பார்த்த விரல்கள் அவை. "இது காணும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு பிட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டியை நிரப்பி அடுப்பில் ஏற்றும்போது மணி ஐந்தே கால். வெளியில் தைப்பனி முருங்கை இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும்.

மனைவி பரிமளம் குசினி வாசலில் நின்றபடியே தேத்தண்ணி குடிப்பாள். உட்கார நேரமில்லை. வீட்டுக்குக் கிட்டவே வேலணைப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் படிப்பித்தவளை, 1984 பிறந்த கையோடு யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆறு மணி பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்கு முதலாம் பாடம் போய்விடும்.

"சின்னவளின்ரை மற்றக் காலுறை கொடியிலை கிடக்கு. ஈரமெண்டால் அடுப்படியிலை பிடியுங்கோ."

"ஓம், நீர் வெளிக்கிடும். நான் பாக்கிறன்."

நான் பார்க்கிறேன் என்று அவர் சொல்வார். சொல்லிவிட்டு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் குசினிக்குள் ஒருமுறை சுற்றி வருவார்.

நாற்பத்தெட்டு வயதில் பழகத் தொடங்கிய வேலை இது. அவருடைய கடை தெற்கே, சிங்களவர் ஊரான இரத்தினபுரியில் இருந்தது. பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்குமாக வருடத்தில் மூன்று தடவை ஊருக்கு வருவார். அந்த நாட்களில் வீட்டில் நல்ல கோப்பைகள் அலுமாரியை விட்டு வெளியே வரும், பிள்ளைகள் சத்தம் போடாமல் நடப்பார்கள். போன வருடம், தமிழர் கடைகளைக் கொளுத்திய ஆடிக் கலவரத்தில் அவருடைய கடையும் எரிந்தது. உடுத்த சாரமும் யாரோ கொடுத்த சேட்டுமாகக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். அன்றிலிருந்து வீட்டில்தான். ஆனாலும் ஊரில் யாரும் "மார்க்கண்டு ஊரிலை இருக்கிறார்" என்று சொல்வதில்லை. "மார்க்கண்டு வந்து நிக்கிறார்" என்றுதான் சொல்கிறார்கள். ஆறு மாதமாகியும் அந்தச் சொல் மாறவில்லை.

பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல்நாள் பழைய கலண்டர்த் தாளொன்றின் பின்பக்கத்தில் அவர் ஒரு நேரசூசி எழுதினார். ஐந்தரைக்கு எழும்புதல். ஆறுக்குக் கிணற்றடி. ஆறரைக்குச் சாப்பாடு. பின்னேரம் ஆறு மணிக்கு விளக்கேற்றித் தேவாரம், பிறகு எட்டு மணிவரை எல்லாரும் ஒரே மேசையில் இருந்து படிப்பு. எழுத்து விலைச்சீட்டு எழுத்தைப்போல உருண்டை உருண்டையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. குசினிக் கதவில் அதை ஒட்டிவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

மூத்தவள் நளாயினி எட்டாம் வகுப்பு. தாய் பள்ளிக்கூடத்தால் வரப் பிந்தும் நாட்களில் சோறு வைத்து, தங்கையைக் குளிப்பாட்டி, ஆட்டுக்குக் குழை ஒடித்துப்போட்டு வளர்ந்தவள். அவளுக்கு நேரசூசி தேவைப்படவில்லை. வாசித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று காலை அவர் மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "என்ன வேணும், சொல்லுங்கோ" என்று கேட்டபோதுதான் வாய் திறந்தாள்.

"அப்பா, நாங்கள் கடைக்கு வந்த ஆக்களில்லை."

சின்னவள் சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். மூன்றாம் வகுப்புக்காரியான அவள் ஒருத்திதான் தலையை அவரிடம் கொடுப்பாள். அவருக்கு ரிபன் கட்ட வரும். கடை அலுமாரியில் வைக்கலாம் போன்ற பூ. ஆனால் அதற்குக் கீழே பின்னல் இடைவேளைக்கு முன்பே அவிழ்ந்துவிடும். "ரிபன் மட்டும் நல்லாயிருக்காம், ரீச்சர் சொன்னவ" என்று அவள் வந்து சொன்னதை அவர் ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் கைக்கு அகப்படுவது எதையும் மடித்துவிடுவார். துவாய், சாக்கு, பேப்பர், பிள்ளைகளின் பாவாடை எல்லாம் ஒரே அகலத்தில், மடிப்பு வெளியே தெரியாமல். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது பின்னாலேயே நடப்பார். "ஒருத்தற்றை அப்பாவும் வாறேல்லை" என்று நளாயினி சொன்ன பிறகு, சந்திப் பனைவரை போய்த் திரும்புவார். வந்து சட்டி பானை கழுவி மர வாங்கில் சரிந்தால் எழும்ப மனம் வராது. பின்னேரப் படிப்பு மேசையில் முதலில் தூங்குகிறவரும் அவர்தான். பிள்ளைகள் விளக்கைத் தங்கள் பக்கம் நகர்த்திவிட்டுப் படிப்பார்கள்.

"கடையிலை விடிய எட்டிலையிருந்து இரவு எட்டு மட்டும் நிண்டனான். இப்பிடிக் களைச்சதில்லை" என்று ஒருநாள் பரிமளத்திடம் சொன்னார்.

அவள் பஸ்ஸில் நின்றே வந்த காலைச் சுடுதண்ணீரில் வைத்தபடி, "எனக்கு உது மூத்தவள் பிறந்த நாளிலையிருந்து பழக்கம்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது.

மூன்றாவது திங்கட்கிழமை. முதல்நாள் மழைத் தூறலில் பள்ளிக்கூடத்து வெள்ளை நீளச் சட்டைகள் காயவில்லை. விடிய எழும்பி, ஸ்திரிக்கைப் பெட்டிக்குச் சிரட்டைக்கரி போட்டு ஊதி, நளாயினியின் புதுச் சட்டையை மினுக்கத் தொடங்கினார். அதற்குள் அடுப்பில் பிட்டுத் தண்ணீர் வற்றிச் சட்டி சத்தம் போட்டது. ஓடிப்போய் இறக்கிவிட்டுத் திரும்பினார். சட்டையின் முதுகில் பெட்டியின் வடிவிலேயே மண்ணிறமாக ஒரு கருகல். மெல்லிய புகை.

சட்டை தேவை என்று நளாயினி வந்தபோது அறையில் யாரும் இல்லை. பெட்டி கல்லின்மேல் ஒழுங்காக நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கருகின சட்டையைக் கண்டதும் அவளுக்குக் கோபம் ஏறியது. கேட்டுவிடுவதென்றே தேடிப்போனாள்.

அவர் கிணற்றுக்கட்டில் இருந்தார். இரண்டு கைகளையும் வாளித் தண்ணீருக்குள் முழங்கைவரை அமிழ்த்தி வைத்திருந்தார்.

"சுட்டுப்போட்டுதோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை."

"பிறகேன்?"

அவர் கைகளை வெளியே எடுக்கவில்லை. "புடவை எரியிற மணம்" என்றார். "கடைக்கு எதிர் வீட்டுக்காரர் என்னைத் தங்கடை வீட்டுக்குள்ளை ஒளிச்சு வைச்சுக் கதவைப் பூட்டிப்போட்டினம். பலகை இடுக்காலை பாத்துக்கொண்டு நிண்டனான். தீபாவளிக்கெண்டு எடுத்த சரக்கு, கட்டுக்கூட அவிழ்க்கேல்லை. அந்த மணம் கப்பலிலையும் வந்தது. இப்ப போச்சுது எண்டு நினைச்சன்."

ஆறு மாதத்தில் அவர் அந்த வீட்டில் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. கேட்டவர்களிடம் "கடை போச்சுது" என்பதோடு நிறுத்தியிருக்கிறார்.

நளாயினி கிட்டப் போனாள். வாளியிலிருந்து அவருடைய கைகளை எடுத்துவிட்டு, அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து மடியில் போட்டாள். உள்ளே போனாள். போன வருடத்துச் சட்டையின் கீழ்மடிப்பைப் பிரித்து, தானே மினுக்கி உடுத்தாள். முழங்காலுக்கு மேலே நின்றது. தங்கைக்குப் பின்னிவிட்டாள். அன்றைக்கு அவர் சந்திவரை போகவில்லை.

இரண்டு மணிக்கு அவர்கள் திரும்பி வந்தபோது சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைக்கப்பட்டிருந்தன. அவர் கருகின துண்டை வெட்டியெடுத்துவிட்டு மிச்சத் துணியில் சுகிர்தாவுக்கு ஒரு மேற்சட்டை வருமா என்று விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நளாயினி பையிலிருந்து தாளொன்றை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தாள். வகுப்பாசிரியை கொடுத்த மாணவர் விபரப் படிவம். நாளைக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

பெயர், வகுப்பு, விலாசம் எல்லாம் அவளே மளமளவென்று நிரப்பினாள். தகப்பனின் தொழில் என்ற இடத்தில் பேனை நின்றது.

"என்னெண்டு எழுத?"

"விடு பிள்ளை" என்றார். "அம்மா வரட்டும்."

அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டுக் கீழே வந்தாள். பாதுகாவலர் பெயர். முதலாம் வகுப்பிலிருந்து அந்த இடத்தில் பரிமளம் என்றுதான் இருந்திருக்கிறது. நளாயினி அவரைப் பார்க்கவில்லை, கேட்கவுமில்லை. மார்க்கண்டு என்று எழுதி முடித்து, தாளை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்து வைக்கவேண்டிய கோட்டில் விரலை வைத்தாள்.

அவர் பேனையை வாங்குவதற்கு முன் கையைச் சாரத்தில் துடைத்தார். பார்த்துவிட்டு, இன்னொருமுறை துடைத்தார்.